எட்டாவது வளைவு

ஞாயிறு மலரில் எனக்கு அறுநூறு சொல்.
தங்கக்கடை விளம்பரம் வந்தால் நானூறு.
வாரநாளெல்லாம் மின்மானி படிப்பவன் நான்:
ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங்,
அடுக்குமாடி இடைகழிகள், செருப்பு வரிசை,
இரும்புக் கதவுக்குப் பின்னால் குரைப்பு,
எண்கள்.
சனி விடியலில் மலையின் மறுபக்கம் போய்
எண்ணாமல் நிற்பேன்.

அப்படி நின்றபோது கேட்டவன்தான் அந்தச் சோலைபாடி.
பழுத்த பாக்கின் நிறத்தில் வயிறு,
உடம்பைத் தோற்கடித்த வால்.
ஆறு நாற்பதுக்குத் தொடங்குவான்.
மூன்று படி இறங்கி, சற்று நின்று,
உதைத்தும் கிளம்பாத மோட்டார் சைக்கிள் ஒன்று
இருமுவதை அப்படியே சொல்லிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் மேலேறிப் போவான்.
கீழ்த்தோட்டத்து ஆ லோக்கின் பழைய ஹோண்டா அது.
இருமலை எடுத்துக்கொண்டான்; வண்டியை விட்டுவிட்டான்.

எழுதினேன்:
பாலிக் பூலாவ் சாலை, எட்டாவது வளைவு,
டுரியான் வேலி தாண்டி இருபதடி, மூங்கில் புதர்.
துல்லியம் ஒருவகை மரியாதை என்று
நம்பியிருந்த காலம்.
சோலைபாடி என்றால் யாருக்குப் புரியும் என்று
ஆசிரியர் குணாளன் பக்கத்தில்
முராய் என்று சேர்த்தார்.
ஊருக்குத் தெரிந்த பெயர்.
சந்தைக்கும் தெரிந்த பெயர்.
"படிக்கும்போதே காலெல்லாம் பனி" என்றார்.

மறு சனி,
மூங்கிலில் பலாப்பிசின் தடவிய குச்சிகள்.
ஒன்றில் வெள்ளை இறகு இரண்டு.
தமிழ் படிக்கிற எவனோ.
அல்லது அவனுடைய கூட்டாளி.
அல்லது தற்செயல்.
மூன்றாவதை நம்ப ஒரு மாதம் முயன்றேன்.

பிறகு ஒரு செவ்வாய், பதினொன்றாம் மாடி.
மின்மானிப் பெட்டியைத் திறந்த கை திறந்தபடி.
துணி மூடிய கூண்டுக்குள்ளிருந்து
மூன்று படி இறக்கம். நிறுத்தம். இருமல்.
ஹம்டான் நல்ல மனிதர். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்.
எண்ணூறு வெள்ளிக்கு வாங்கினாராம்.
பாட்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு;
நடுவில் வரும் அந்தச் சனியனுக்காக
நடுவர்கள் மதிப்பெண் குறைத்துவிட்டார்களாம்.
இப்போது கைப்பேசியில் சுத்தமான பாட்டுகள் போட்டு
மறக்கடிக்கிறார், தினமும் இரண்டு மணி நேரம்.
"மறந்துகொண்டே வருகிறான்" என்றார் பெருமையாக.
நான் அளவைக் குறித்துக்கொண்டேன்.
இரண்டு முறை தப்பாகக் குறித்தேன்.

அன்றுமுதல் என் கட்டுரைகளில் இடங்கள் பொய்.
தெலுக் பஹாங்கில் பார்த்த தேவாங்கைத்
தீவின் தெற்கே குடியேற்றினேன்.
ஓர் ஓடையைத் திருப்பி ஓடவிட்டேன்.
இருவாச்சி கூடுவைத்த மரத்துக்கு
வேறு மரத்தின் பெயர்.

நிபோங் திபாலிலிருந்து லோகாம்பாள் எழுதியிருந்தார்:
"நீங்கள் சொன்ன இடத்துக்குப் போனேன்.
அங்கே காடே இல்லை. கார் கழுவுகிறார்கள்.
வெட்கமாக இல்லையா?"
வெட்கம்தான், அம்மா.
இரண்டு பேருந்து மாறி, தூறலில் நின்று,
கார் கழுவும் இரைச்சலுக்குள்
நீங்கள் காதைக் கொடுத்துக் காத்திருந்த அரைமணியை
நினைத்தால் இன்னும் கூசுகிறது.
பதில் மூன்று முறை எழுதினேன். அனுப்பவில்லை.
மூன்றிலும் உண்மையான இடம் இருந்தது.

போன வாரம் எட்டாவது வளைவில்
ஆ லோக் புது வண்டியோடு நின்றிருந்தார்.
பொத்தானைத் தொட்டால் போதும், உறுமுகிறது.
பழையது இரும்புக்கடைக்குப் போயிற்றாம்.
மூங்கில் புதரில் கொண்டைக்குருவிகளின் சண்டை.
வேறொன்றுமில்லை.
அந்த இருமல் இனி இந்தத் தீவில்
ஒரே ஒரு தொண்டையில்தான் இருக்கிறது;
அதிலும் எவ்வளவு மிச்சமோ.

கட்டடத்தின் பெயர் தெரியும். கதவு எண்ணும் தெரியும்.
பதினொன்றாம் மாடி என்றேனே,
அதை நம்பாதீர்கள்.