ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி

செல்லூர், முதல் மாடி.
ஃபேன் ஓடினால் மைக்கில் அதுதான் பாடும்;
அணைத்தால் வியர்வை கீபோர்டில் சொட்டும்.

லேப்டாப்பில் நாற்பத்தொரு பாட்டு.
‘புதுசு’, ‘புதுசு2’, ‘இதுதான்’, ‘இதுதான் நிசமா’.
எல்லாம் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியில்
கோரிப்பாளையம் சிக்னலில் ஆஃப் ஆன
ஷேர் ஆட்டோ மாதிரி நிற்கின்றன.

பகலெல்லாம் டயர் கடையில் பில் போடுகிறேன்.
ஒரு பில்லையும் கூட்டாமல் விட்டதில்லை.

சாயங்காலம் மோட்டார் போடப் போனபோது
மேல்வீட்டு இருளப்பன், மின்வாரிய லைன்மேன்,
படியில் மறித்தார்.
‘தம்பி, அந்தப் பாட்டுல
நாலாவது வரிக்கு அப்புறம் என்னதான் ஆகுது?
தூக்கம் வரமாட்டேங்குது.’

எந்தப் பாட்டு என்றேன்.
மூக்கால் முனகிக் காட்டினார்.
சுருதி சேரவில்லை;
மூன்றாவது வரியில் மட்டும்
நான் வைக்காத ஒரு வளைவு.

‘நாளைக்கு ஷட்டவுன், ஒம்போதுல இருந்து அஞ்சு.
முடிக்கிறதுன்னா இன்னைக்கே முடிச்சிரு.’

ராத்திரி ஃபேனை அணைத்தேன்.
பாலத்தில் ஏதோ லாரி கியர் மாற்றிக்கொண்டிருந்தது.
அந்த வளைவை மெல்ல வாசித்துப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருக்கிறது,
இந்தப் பாட்டுக்கு இல்லை.

புது ஃபைல்.
பெயர்: இருளப்பன்.