நாற்காலி கொண்டு வரவும்

மின்கட்டண ரசீதின் முதுகில்
எலிசெயோ கணக்குப் போட்டான்.
எப்படிக் கூட்டினாலும்
ஒரே ஒரு ஆட்டுக்குட்டிதான் கட்டுபடியானது.

டிசம்பரில் வைத்துக்கொள்வோம் என்றேன்.
புன்டா அரீனாஸில் அப்போது
இரவு பத்து வரை சூரியன் நகராது.
விளக்குச் செலவு மிச்சம்.
சாலையோரம் லூப்பின் பூக்கள்
யாரையும் கேட்காமல் ஊதாவாய் நிற்கும்.
வாளி மட்டும் இரவல்.

முக்காட்டுக்கு அடுக்களை ஜன்னலின் வலைத்திரை.
துவைத்ததில் வெங்காய வாசம்
முக்கால்வாசி போயிற்று.
இந்த ஊர்க் காற்று
மணப்பெண் என்றெல்லாம் பார்க்காது.
ஓரம் முழுக்க அவன் தூண்டில் ஈயக்குண்டுகளை
வைத்துத் தைத்தேன்.
நடக்க நடக்கத் தரையில் டிக் டிக்.
பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தீயணைப்புக் கூடம் இலவசம்,
மணி அடித்தால் வண்டிக்கு வழிவிட வேண்டும்.
நாற்காலிக்குத்தான் வாடகை:
ஒன்றுக்கு எண்ணூறு பெசோ, அறுபத்தொரு பேர்.
அன்றிரவு எங்கள் முதல் சண்டை,
யாரை வெட்டுவது என்று.
ஆட்டைப் பற்றி இல்லை.
விடியுமுன் அழைப்பிதழின் அடியில்
அவனே எழுதியிருந்தான்:
பரிசு வேண்டாம். நாற்காலி கொண்டு வரவும்.

கொண்டு வந்தார்கள்.
பியானோ முக்காலி. லாரியில் கழற்றிய இருக்கை.
ட்ராகிட்சா ஒரு மடக்கு நாற்காலியோடு
காற்றில் மல்லுக்கட்டியபடி.
கறி ஆளுக்கு மூன்று வாய்.
ஆனாலும் எழுந்திருக்க ஒருவருக்கும் மனமில்லை,
சொந்த நாற்காலி ஆயிற்றே.

மறுநாள் கூடம் பெருக்கப் போனோம்.
மூலையில் ஒன்று மிஞ்சி நின்றது,
பச்சை பெயின்ட், ஒரு கால் குட்டை.
வீடு வீடாய்க் கேட்டோம்.
என்னுடையது இல்லை என்றார்கள் எல்லோரும்,
கொஞ்சம் அவசரமாக.