ஆறாவது ரீல்

எங்கள் தீவில் ரயில் கிடையாது.
பசு உண்டு, சீஸ் உண்டு,
மழை உண்டு, மழைக்கு நடுவில் கொஞ்சம் வெயில்.
சாவ் ஜோர்ஜ்காரர்கள் ரயிலைப் பார்த்ததெல்லாம்
துறைமுகத்துக்கு மேலே
அறுபது நாற்காலித் தியேட்டரில்தான்.

அறுபத்தொன்றில் அந்தப் படம் கப்பலில் வந்தது.
ஆறு டப்பா.
படகுக்கு இறக்கும்போது
ஒரு டப்பாவை அலை வாங்கிக்கொண்டது.
கடைசி டப்பா. வேறெது விழும்?
லிஸ்பனுக்குக் கடிதம் போட்டார்கள்.
அபராதச் சீட்டு வந்தது, ரீல் வரவில்லை.

படத்தில் ஒருத்தி, கையில் பெட்டியோடு
நடைமேடையில் நிற்கிறாள்.
ரயில் வந்து நிற்கிறது.
அவள் ஒரு காலை எடுத்து வைக்க,
வெள்ளைத் திரை.

ஏறினாளா?

முடிதிருத்தும் எர்மீனியூ ஏறினாள் என்றான்.
எவரிஷ்டு இல்லையென்றான்;
ஒரு கன்றுக்குட்டி பந்தயம்.
ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார்
அவளை இறங்கி வரச் சொன்னார்,
இன்னும் ஏறாதவளை.
அந்த வருஷங்களில் தீவே ஏறிக்கொண்டிருந்தது
அமெரிக்காவுக்கு, கனடாவுக்கு,
வீட்டுக்கு இருவர் மூவராக.

சுல்மிரா ஏறவில்லை.
நிச்சயித்தவன் ஃபால் ரிவரிலிருந்து
மூன்று கடிதம் போட்டான்.
தபால்காரனிடமே பதில் சொல்லி அனுப்பினாள்:
"அவளே ஏறவில்லை, நான் ஏன்?"

அறுபத்து மூன்று வருஷம் கழித்து
புதுப்பித்த படம் விமானத்தில் வந்தது,
நனையாமல், சோப்புக்கட்டி அளவில்.
பகலில் எனக்கு சீஸ் ஆலை,
ராத்திரியில் நான்தான் ஆபரேட்டர்.
செவ்வாய்க்கிழமை ஓட்டிச் சோதிக்க வேண்டும்.
தனியாக உட்கார்ந்து முடிவைப் பார்த்துவிட்டேன்.

பிறகு இரண்டு நாள் நான் பட்ட பாடு!
கடைக்காரர் காபிக்குக் காசு வாங்கவில்லை.
எண்பத்தேழு வயது எவரிஷ்டு
பால் வண்டியை மறித்து நின்று
"வாய் திறக்க வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு" என்றார்,
"மேலும் கீழுமா, பக்கவாட்டிலா?"
கழுத்து சுளுக்கியவன்போல நின்றேன்.

வியாழன்.
அறுபது நாற்காலிக்கு நூற்றுப்பத்துப் பேர்.
ஈரக் கோட்டுகளின் வாடை.
அந்த இடம் வந்தது.
அவள் காலை எடுத்து வைத்தாள்.
முன்வரிசைக் கிழவர்கள் நாலைந்து பேர்
பழக்கதோஷத்தில் எழுந்து தொப்பியைத் தேடினார்கள்.
படம் ஓடியது.

ஏறினாள்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
வண்டி போய்விட்டது.
அப்புறம் முழுதாக மூன்று நிமிஷம்
வெறும் நடைமேடை.
ஓர் ஆள் துடைப்பத்தோடு வந்து
தீக்குச்சி, ஆரஞ்சுத் தோல், டிக்கெட் துண்டு
எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டே போனான்.
இசையும் இல்லை.
துடைப்பத்தின் சத்தம் மட்டும்.

சுல்மிராவைப் பார்க்கக் கூடாது என்று
புரொஜெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
விளக்கு போட்டேன்.
மேல்கோட்டின் பித்தான்களை
அவர் ஒவ்வொன்றாகப் போட்டார், அவசரமில்லாமல்.
"கூட்டுகிறவன் போகவில்லையே" என்றார்,
யாரிடமும் இல்லை.
வாசலில் என்னைக் கடக்கும்போது
"எவ்வளவு சுத்தமாகிவிட்டது, பார்த்தாயா."

எர்மீனியூ செத்து இருபது வருஷம்.
வெள்ளி விடிகாலை
அவர் பேரன் வீட்டு வேலியில்
ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது.
நல்ல வளர்த்தி, நெற்றியில் வெள்ளை.
பேரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை,
டொரன்டோவில் வளர்ந்து
போன வருஷம் திரும்பி வந்தவன்.

கடையில் இப்போது வேறு சண்டை.
துடைப்பக்காரன் அவள் புருஷன்தான்
என்று எவரிஷ்டு அடித்துச் சொல்கிறார்.
பந்தயம் கட்ட ஆளும் கிடைத்துவிட்டது.

அடுத்த வியாழன் இன்னொரு பழைய படம்.
ஒரு ரீலும் குறையாமல்
அந்தக் காலத்திலேயே வந்து
அன்றைக்கே முடிந்துபோன படம்.

பதினொரு டிக்கெட்.