தட்டு இல்லை

மூன்று பேர் தூக்க வேண்டிய அலுமாரிக்கும்
கால் முறிந்த இஸ்திரி மேசைக்கும் நடுவில்
வீதியோரம் கிடந்தது.
மாநகரசபை லொறி ஏழு மணிக்கு வரும்.
நான் ஆறரைக்கு வந்தேன்,
பேக்கரி இரவு வேலை முடிந்து, தலைமயிரில் மாவோடு.

மலிவுப் பெட்டி. வெள்ளிப் பூச்சு,
பூச்சுக்குக் கீழே வெறும் பிளாஸ்ரிக்.
ஒலிபெருக்கி இரண்டும்
தங்கள் வயரைத் தங்கள் மேலேயே சுற்றிக்கொண்டு.

"இன்னொரு குப்பையோ" என்றார் நகுலேந்திரன்,
தேத்தண்ணியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

செருகினேன். வெளிச்சம் வந்தது. வானொலி பாடியது.
இறுவட்டுப் பொத்தானை அமத்தினால்
உள்ளே ஏதோ தொண்டையைச் செருமி, முனகி,
பச்சை எழுத்தில் சொன்னது:
தட்டு இல்லை.

தட்டு இருந்தது.
பெட்டியைச் சரித்தால் அது சறுக்கி இடிபடுவது கேட்டது.

வெளிநாட்டவர் அலுவலகத்தில்
என் கோப்பு வரவேயில்லை என்று சொன்னவளும்
அந்தக் கோப்பின் மேல்தான்
முழங்கையை ஊன்றியிருந்தாள்.
அன்றைக்கு என் கையில் திருப்புளி இல்லை.

பதினொரு திருகாணி. பன்னிரண்டாவது
உத்தரவாதச் சீட்டுக்குக் கீழே ஒளிந்திருந்தது.
மூடியைத் தூக்கினால்
நாலில் மூன்று பங்கு காற்று.
மிச்சத்தில் ஓர் இழுப்பறை,
இரண்டு வெள்ளைப் பற்சக்கரம்,
இமைக்காத ஒரு வில்லை,
அதன் மேல் யாரோ பிடித்த சிகரெட்டின் மஞ்சள்.

பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தேன்,
குழந்தையின் கண்ணில் பூளை எடுக்கிற அழுத்தம், அவ்வளவுதான்.
வில்லை ஓடுகிற தண்டில் மெழுகாய் இறுகியிருந்தது கிறீஸ்.
அதற்குத் தையல் மெஷின் எண்ணெய்,
ஒரு சொட்டு. பிறகு அரைச் சொட்டு.

இழுப்பறையின் றப்பர் பட்டி தளர்ந்து போயிருந்தது:
மோட்டார் சுற்றியது, சக்கரம் வேடிக்கை பார்த்தது.
புதியது வாங்கலாம்.
தபால் செலவு பட்டியின் விலையில் நாலு மடங்கு.
தேத்தண்ணி வடியில் போட்டு
கொதிதண்ணியில் ஐந்து நிமிடம் அவித்தேன்.
"உப்புப் போடேல்லையோ?"
நகுலேந்திரன்தான்.

சுருங்கியது. பிடித்தது.
பெட்டி நாக்கை நீட்டியது.
நாக்கில் ஓர் இறுவட்டு, நீலப் பேனையில் எழுத்து:
ஆல்ட் குரல். பயிற்சிக்கு.

திரும்பத் தள்ளினேன்.
பியானோ நாலு தட்டுத் தட்ட
ஒரு பெண் பாடத் தொடங்கினாள்,
இரண்டாம் குரலை மட்டும்.
முதற்குரல் வேறெந்த வீட்டில், எந்த இறுவட்டிலோ.
ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று,
ஒரு படி இறங்கி, சலித்துப்போய் ஏறி,
பிறகு பாட்டை விட்டுவிட்டு எண்ணினாள்:
ஒன்று, இரண்டு, மூன்று, இப்ப.
என்ன பாட்டென்று இன்றைக்கும் தெரியாது.
அது சாய்ந்து நிற்கிற சுவர் மட்டும்
எனக்குப் பாடம்.

மூன்றாவது பாட்டில் துள்ளியது.
திறந்தேன், துடைத்தேன், பூட்டினேன்.
துள்ளியது.
நித்திரை கொள்ள வேண்டிய மூன்று பகல்
அந்தத் துள்ளலிலேயே போயிற்று.

நாலாம் நாள்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்:
அது துள்ளும் நேரமெல்லாம்
யன்னலில் ஆட்கள் போனார்கள்.

வூப்பர்தாலில், ஃபோவிங்கல் பக்கம்,
தொங்குரயில் எங்கள் மாடிக்கு நேரே போகும்,
ஒருத்தி வாழைப்பழம் உரிப்பது தெரிகிற தூரத்தில்.
வீடு ஒரு நூல் நடுங்கும்,
அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றையொன்று விசாரிக்கும்.
பன்னிரண்டு வருஷத்தில்
நாங்கள் அதை மறந்தே போனோம்.
வில்லைக்கு இது முதல் கிழமை.

பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சை நாலாய் வெட்டி
பெட்டியின் காலுக்குக் கீழே வைத்தேன்.
முந்தி மூன்று வரி விடுவாள்,
இப்போது ஒரு சொல்தான்.

அந்தச் சொல் விழுகிற இடத்தில்
குளியலறையில் சவரம் செய்துகொண்டு
நகுலேந்திரன் ஒரு "ம்ம்" போடுகிறார்.
சுருதி கொஞ்சம் கீழே.
கேட்டால், இருமினேன் என்பார்.

பூட்டி முடிய ஒரு திருகாணி மிஞ்சியது.
எங்கே இருந்ததென்று கண்டுபிடிக்க முடியவில்லை.
யன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்;
ரயில் வருகிறதென்றால்
முதலில் அதுதான் உருளத் தொடங்கும்.