சில இடங்களில்

காலை ஐந்தரைக்குச் சிங்கள மூலம் வந்துவிடும்.
ஆறு அடிக்க முன்னம் தமிழாக்கி அனுப்ப வேண்டும்.
மேல், சப்ரகமுவ மாகாணங்களிலும்
காலி, மாத்தறை மாவட்டங்களிலும்
சில இடங்களில்
பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர்
இடியுடன் கூடிய மழை பெய்வதற்கான சாத்தியம்.

நேற்றையதைத் திறந்து திகதியை மட்டும் மாற்றினாலும்
எவருக்கும் தெரியாது.
சித்திரை முழுக்க ஒரே வாக்கியம்தான்.
ஆனாலும் முதலிலிருந்து தட்டச்சுகிறேன்,
வானமும் அப்படித்தானே செய்கிறது என்று.

இன்றைக்கு ஒரு வரி கூடுதல்:
நண்பகல் 12.12 அளவில்
கொழும்புக்கு நேர் உச்சியில் சூரியன்.
அதன் கீழே,
மனித உடலால் உணரப்படும் வெப்பம்: எச்சரிக்கை மட்டம்.
எந்த மனித உடல் என்று மூலத்தில் இல்லை.

ஏழரைக்குச் சவாஹிர் பாஸ் எடுத்தார்.
தெமட்டகொடையில் மூன்றாம் மாடிக்குத் தட்டு.
கலவை லொறி ஒன்பதுக்கு வருமாம்.
“தங்கச்சி, இண்டைக்கு கொங்கிறீட் போடலாமா?”
சாத்தியம் இருக்கு என்றேன்.
“எதுக்குச் சாத்தியம்? போடவா, மழைக்கா?”

சிங்களத்தில் அது ‘ஹெகிய’.
மழைக்கு இயலும் என்கிறார்கள், அவ்வளவுதான்.
எனக்கும் நீந்த இயலும்.
வெள்ளவத்தையில் கடலுக்கு முதுகு காட்டிய வீட்டில்
பதினொரு வருடமாக இருக்கிறேன்,
கால் நனைத்தது இரண்டு தரம்.

சொல்லக் கூடாது. சொன்னேன்:
“மூண்டு மணி வரைக்கும் பயமில்லை, போடுங்க.”
அதற்கு மூலத்தில் ஆதாரமில்லை.
காலையில் காகங்கள் சத்தமில்லாமல் இருந்தன,
காற்று கரையிலிருந்து வரவில்லை,
அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

பன்னிரண்டு பத்துக்குப்
பொரளை பஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன், பார்க்கத்தான்.
விளக்குக் கம்பத்தின் நிழலில்
ஒருவர் பின் ஒருவராய் ஆறு பேர்,
சாமான் வாங்கும் வரிசை போல.
நிழல் உள்ளே உள்ளே சுருங்க
கடைசி ஆள் வெளியே விழுந்தார்,
பிறகு பாடசாலைப் பிள்ளை,
பிறகு ஓட்டோ உதிரிப்பாகத்தோடு நின்றவர்.
கடைசியில் கம்பம் மட்டும்,
தன் காலைத் தானே மிதித்துக்கொண்டு.
என் நிழல் செருப்புக்குள் போய்விட்டது.
சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

ஒன்று நாற்பதுக்குக் களனிப் பக்கம் கறுத்தது.
ஒன்று ஐம்பதுக்கு
அலுவலக யன்னல் முழுவதும் மழை.
மின்சாரம் போனது.
கனத்தைச் சுற்றுவட்டத்தில் வாகனங்கள்
பகலில் விளக்கெரிய நின்றன.
வாசலில் தண்ணீர் கணுக்கால் தாண்டியது,
யாரோ ஒருவரின் இடது செருப்பு உள்ளே வந்தது.

நான் மூன்று மணி என்று சொல்லியிருந்தேன்.
பாஸுக்கு எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.
மறுபடி எடுத்தேன்.
ஈரக் கொங்கிறீட்டில் மழை விழுந்தால்
அம்மைத் தழும்பு மாதிரி ஆகும் என்று
அவர்தான் ஒருமுறை சொன்னவர்.
சீமெந்து கரைந்து ஓடும் சாம்பல் தண்ணீரை
நான் கண்ணால் கண்டது போல இருந்தது.

நாலரைக்கு அவரே எடுத்தார்.
“மழையா? எங்க மழை?
இங்க ஒரு சொட்டும் இல்ல தங்கச்சி.
வெயிலுக்குத் தட்டு வெடிச்சிரும் எண்டு
பொடியன்மார் சாக்குப் போட்டு
வாளி வாளியா ஊத்துறாங்க.
உங்கட மழையில கொஞ்சம் இங்கால அனுப்புங்களேன்.”

பொரளைக்கும் தெமட்டகொடைக்கும்
பஸ்ஸில் பத்து ரூபாய் மிச்சம் வராத தூரம்.

மறுநாள் ஐந்தரை.
மேல், சப்ரகமுவ மாகாணங்களிலும்
என்று தொடங்கி
‘சில’ வரைக்கும் வந்து நிறுத்தினேன்.
செருப்பு இன்னும் வாசலில்தான் கிடந்தது,
காய்ந்து, விளிம்பு மேலே வளைந்து.
ஒருவரும் தேடி வரவில்லை.
‘இடங்களில்’ என்று அடித்தேன்.