பொய் மழை

ஜூன் பிறந்து மூன்று வாரம்.
புல்ஸ்புரூக் வானத்தில் இன்னும்
இஸ்திரி போட்ட நீலம்.

"திறக்கலாமா?" என்கிறாள் பிரான்வின்.
துருவேறிய வால்வை இரண்டு கையாலும் திருகுகிறேன்.
முதலில் இருமல்,
பிறகு செம்பழுப்புச் சேறு,
அப்புறம்தான் தண்ணீர்.
ஆழ்துளைக் கிணற்று நீர்
மழை வேஷம் போட்டுச் சதுப்பில் இறங்குகிறது.

வெடித்த களிமண்ணுக்கு அடியில்
நவம்பரிலிருந்து ஒரு வாய் உண்ணாமல்
உள்ளங்கை அகலத்தில் ஒருத்தி.
முப்பத்தேழாம் எண்.
ஓட்டில் நாங்கள் பசை வைத்து ஒட்டிய கருவி
என் காதில் டிக், டிக் என்கிறது.
கண்டங்கள் விலகியபோது கூடவே வந்த குலம்
பேட்டரி மாற்றக் காத்திருக்கிறது.

"உங்கள் மொழியில் ஆமை நல்ல சகுனமா?"
தயங்கித்தான் சொன்னேன்.
ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்...
அமீனாவில் மாட்டிக்கொண்டேன்.
ஜப்தி, தண்டோரா, தெருவுக்கு வந்த அண்டா,
எதை ஆங்கிலத்தில் சொல்ல?

நரி தாண்டாத வேலிக்கு அப்பால்
சிவப்பு ரிப்பன் கட்டிய அளவுக் குச்சிகள்.
நூற்றுப் பன்னிரண்டு மனைகள், விற்பனைக்கு.
விரலால் காட்டினேன்.
அவளுக்குப் புரிந்தது.

எல்லன்புரூக்கில் என் வீடும்
அப்படி ஒரு குச்சியில் தொடங்கியதுதான்.
அதை நான் சொல்லவில்லை.

ஆறாம் நாள் டிக் இடம் மாறியது,
இரண்டு மீட்டர்.
கலங்கல் நீரில் மூக்கு நுனி மட்டும் வெளியே.
வானத்தைப் பார்த்தாள்.

நான் ஏனோ
வால்வை மறைத்துக்கொண்டு நின்றேன்.