குறை காணப்படவில்லை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நட்டநடுவில்
வண்டி நின்றது.
இருமல் இல்லை, குலுக்கல் இல்லை.
பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில்
எழுந்து போனதுபோல.
ஸ்டியரிங் கல்லாகிவிட்டது.
பின்னால் வந்த களியக்காவிளை பஸ்
ஹார்னிலேயே என் வம்சத்தை விசாரித்தது.

பின்சீட்டில் ஐஸ் பெட்டி.
பதினான்கு வீட்டு ரத்தம்,
வெறும் வயிற்றோடு காத்திருந்து கை நீட்டியவர்களுடையது.
நேரத்துக்கு லேபில் இறக்காவிட்டால்
சர்க்கரை பொய் சொல்லத் தொடங்கும்.
எண்ணினேன். நாற்பது வந்ததும் சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமே நடக்காத முகத்தோடு கிளம்பியது.

இப்படி ஆறு தடவை.
தக்கலை கோர்ட் வாசலில் ஒருதரம்.
கருங்கல்லில் மீன் கூடைகளுக்கு நடுவே ஒருதரம்,
‘வண்டிய விக்கவா கொண்டு வந்திய?’ என்று கேட்டாள் ஒருத்தி.

பார்வதிபுரம் சர்வீஸ் சென்டர்,
கண்ணாடிக் கதவு, இலவசக் காப்பி.
அட்வைசர் பெயர் அஜின் ததேயுஸ்.
ஸ்கேனரைச் செருகினார். திரை
குற்றமற்ற குழந்தைபோல் விழித்தது.
முதல் சீட்டு: குறை காணப்படவில்லை.
இரண்டாவது: பெட்ரோலில் கலப்படம் இருக்கலாம்.
மூன்றாவது: எலி கடித்திருக்கலாம், எலி வாரண்டியில் வராது.
‘எலிக்க பல்லுத்தடம் எங்க?’
‘இருக்கலாம்னுதான் எழுதியிருக்கு மேடம்.’

அந்தப் புத்தகத்தை ஒரு ராத்திரி முழுக்க வாசித்தேன்.
முன்பக்கம் கல்யாண வாக்குறுதி.
பிறகு பதினோரு பக்கம் விலக்கப்பட்டவை,
வைப்பர் ரப்பர், பல்பு, பறவை எச்சம்,
கடற்காற்று.
கடற்காற்றாம்! குளச்சல்காரியிடம் விற்ற வண்டிக்கு.
மூன்று வருடம் முடியப்
பத்தொன்பது நாள் பாக்கி.

‘தம்பி, யானைக்கால் கிருமியக் கேள்விப்பட்டிருப்பீங்க.
பகல் ரத்தத்துல பிடி குடுக்காது,
நெஞ்சுக்குள்ள எங்கேயோ பதுங்கிக் கிடக்கும்.
ராத்திரி பத்து மணிக்குமேல
ஊர் உறங்கினப்புறம் விரல் நுனிக்கு வரும்.
டார்ச் அடிச்சு, கதவு தட்டி, நாய்க்குப் பயந்து
நான் எடுத்திருக்கேன்.
பகல் சிலைடக் காட்டி
ஒனக்கு நோயில்லன்னு யாரையும் அனுப்பினதில்ல.
எனக்க வண்டிய அது நிக்க நேரத்துல பாருங்க.’

அவர் சிரிக்கவில்லை.
வேலை முடிந்து, சீருடையோடே
பக்கத்து சீட்டில் ஏறினார்.
வில்லுக்குறி தாண்டும்வரை
வண்டி ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போட்டதுபோல் ஓடியது.
எனக்கே வெட்கமாக இருந்தது.
குமாரகோவில் விலக்குக்கு அப்புறம்
மழை பிடிக்கும் நேரம்,
டேஷ்போர்டு இருண்டது.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் கை தூக்கி நின்றது.

லாரி வெளிச்சங்கள் எங்கள் முகத்தைத்
தடவித் தடவிப் போயின.
‘இப்போ?’ என்றேன்.
‘கண்டேன்.’
கொஞ்சம் கழித்து,
‘ஆனா கோடு விழல்லியே மேடம்.
நான் கண்டேன்னு போடதுக்கு
சிஸ்டத்துல ஒரு கட்டம் கெடையாது.’
நாற்பதுவரை எண்ணினேன்.
அவர் உதடும் அசைந்தது.

கம்பெனி பதில் வந்தது:
வணக்கம், வருத்தம், காணப்படவில்லை.
நுகர்வோர் கோர்ட்டில் மூன்று வாய்தா ஆகிவிட்டது.
ஃபைலில் முப்பத்திரண்டு தாள். அதில் ஒன்று
ஜாப் கார்டின் பின்பக்கம்,
நீல மை, மழை பட்டு ஓரம் பரவியது:

‘இரவு 8.50. வண்டி நின்றது.
நான் உள்ளே இருந்தேன்.’

கையெழுத்து உண்டு, முத்திரை இல்லை.
இது கோர்ட்டில் நிக்காது என்கிறார்
வக்கீல் டெல்பின் மேரி.

வண்டி நிற்கிறது.
நேற்று திங்கள்சந்தையில்.